பிஸ்கட்டுக்கு எந்தப் போர்வை

சேனாபதிக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்று தெரிந்தால் நாலு வார்த்தை கேட்கலாம். படை நடத்துகிறவன் பெயரை எடுத்து, பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் அது உள்ளே போகிறவரை காரை விட்டு இறங்காத மனிதருக்கு வைத்திருக்கிறார்கள். தாராபுரத்துக்காரர். வயது ஐம்பத்து நான்கு. டெக்சஸில், ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் வீடு. இருபத்திரண்டு வருடமாக அங்கே கார் ஓட்டுகிறார். இன்றுவரை ஃப்ரீவேயில் வேகமாகப் போகிறவர்களுக்கான இடது ஓர லேனில் அவர் கார் ஏறியதில்லை.

அதற்காகக் கோழை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடவும் முடியாது. அந்தப் பயம்தான் குடும்பத்துக்குச் சோறு போட்டது. எண்ணெய்க் குழாய்கள் போடும் ஒரு கம்பெனியில், எந்தக் குழாய் எங்கே எப்போது ஓட்டை விழலாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது அவர் வேலை. மற்றவர்கள் நாலு ஆபத்து எழுதுகிற இடத்தில் இவர் பதினேழு எழுதுவார். மேலதிகாரிகள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டார்கள். ஆபீஸில் அதற்குப் பெயர் அனுபவம். வீட்டில் அதற்கு மனைவி வசந்தாமணி வேறு பெயர் வைத்திருந்தார், அதை இங்கே எழுத வேண்டாம்.

எல்லாப் பயத்துக்கும் மேலே ஒரு பயம் அவருக்கு 2021 பிப்ரவரியில் வந்து சேர்ந்தது. டெக்சஸ் முழுக்க உறைந்துபோன வாரம் அது. மூன்று நாள் கரண்ட் இல்லை, குழாய் வெடித்துச் சமையலறையில் தண்ணீர். மகள் கயலுக்கு அப்போது பதினாலு வயது. அவள் விரல் நுனிகள் நீலமாக இருந்ததை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார். வீட்டிலிருந்த ஜமுக்காளம், வேட்டி, பட்டுச்சேலை எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக அவள்மேல் போட்டு, விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு குளிர் என்ற சொல்லைக் கேட்டாலே இவருக்கு ஈரக்குலை நடுங்கும்.

அந்த வாரத்துக்குப் பிறகுதான் கார் டிக்கியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டி குடியேறியது. டார்ச், தண்ணீர் பாட்டில், கயிறு, முறுக்கு பாக்கெட், ஊரிலிருந்து வந்த ஒரு டஜன் ஈரோட்டுத் துண்டு.

"ஏனுங்க, காய்கறிப் பை வெக்க எடமில்லீங்க. ஒலகம் அழியறப்ப இத்தன துண்டு எதுக்குங்க?" என்பார் வசந்தாமணி.

"இருக்கட்டும் வசந்தா. ஒரு அவசரத்துக்கு ஆகும்."

இப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் ஒரு குதிரை வந்தது. வீட்டுக்கு என்றால் வீட்டுக்குள் இல்லை. இருபத்தைந்து நிமிட தூரத்தில் பெகி என்று ஒரு வெள்ளைக்கார அம்மாள் குதிரைத் தொழுவம் வைத்திருந்தார். கயல் அங்கே பதினோரு வயதிலிருந்து சவாரி பழகினாள். அவளுக்குப் பழக்கிக் கொடுத்த பழுப்பு நிறக் குதிரைக்கு வயதாகி, இனி யாரும் ஏற வேண்டாம் என்று ஆனபோது, "இவன் உன்கிட்டதான் சந்தோஷமா இருப்பான்" என்று பெகி அதை அவளுக்கே கொடுத்துவிட்டார். பெயர் பிஸ்கட். வயது இருபத்து மூன்று. மனிதக் கணக்கில் எழுபதைத் தாண்டியவன்.

அதிலிருந்து மூன்று வருடமாக சேனாபதி கயலைத் தொழுவத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்தார். வேலிக்கு வெளியே நிற்பதோடு சரி. ஒரு தடவை பிஸ்கட் வேலிக்கு மேல் தலையை நீட்டி அவர் தோளில் மூச்சு விட்டபோது, இரண்டடி பின்னால் பாய்ந்து ஒரு வாளிக்குள் காலை விட்டுக்கொண்டார். அதன் பிறகு வேலியிலிருந்தே மூன்றடி தள்ளி நின்றார்.

போன ஆகஸ்டில் கயல் காலேஜுக்குப் போனாள். கால்நடை டாக்டராக வேண்டும் என்று கனவு. காலேஜ் இருந்த லப்பக், காரில் ஒன்பது மணி நேரம். கிளம்புகிற அன்று அப்பாவிடம் கேட்டாள். "பிஸ்கட்டை நீங்க பாத்துப்பீங்களா அப்பா? வின்டர்ல போர்வை மட்டும்தான் கஷ்டம். பெகி அதுல டிசைட் பண்ண மாட்டாங்க."

பெகியின் சட்டம் அது. புல், தண்ணீர், வேலி என் பொறுப்பு. போர்வை குதிரைக்காரர் பொறுப்பு. "போட்டா ஏன் போட்டேன்னு ஒருத்தர், போடலன்னா ஏன் போடலன்னு ஒருத்தர். எனக்கு வேண்டாம் சாமியோ. உங்க குதிரை, உங்க முடிவு" என்பார். சொல்லுங்கள், போடுகிறேன், சொல்லுங்கள், எடுக்கிறேன். அவ்வளவுதான்.

பிஸ்கட்டிடம் மூன்று போர்வைகள் இருந்தன. மழைக்கு மட்டும் ஒரு மெல்லிசு. உள்ளே பஞ்சு வைத்த மீடியம். மெத்தை போல ஒரு ஹெவி. எந்தக் குளிருக்கு எது என்று கயல் ஒரு அட்டையில் எழுதித் தொழுவச் சுவரில் ஒட்டியிருந்தாள். அதன் கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி: நம்பரை நம்பாதே, போர்வைக்குள் கையை விட்டுப் பார். தோளுக்குப் பின்னால் கதகதப்பாக இருந்தால் சரி. ஈரமாக இருந்தால் உடனே எடு. இதை அப்பாவிடம் வாயாலும் நாலு தடவை சொன்னாள். "பண்றேன் சாமி" என்று இவரும் நாலு தடவை சொன்னார்.

எங்கே பண்ணினார்? நவம்பரில் முதல் குளிர் வந்த காலை, வேலிக்கு வெளியே நின்று போனைப் பார்த்தார். தன் மூக்கு நுனியைத் தொட்டுப் பார்த்தார். பிஸ்கட்டின் காதைப் பார்த்தார். குளிர் காது வழியாகத்தான் இறங்கும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. பிறகு பெகியிடம் விரலை நீட்டி "மீடியம்" என்றார். பெகி போட்டார். அப்போது கயலிடமிருந்து மெசேஜ்: கை விட்டுப் பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்று எழுத வெட்கமாக இருந்தது. "கைய விட்டுப் பாத்தேன் சாமி. கதகதன்னு இருக்குது" என்று எழுதிவிட்டார்.

அன்று ஒரு நாள் பொய்யோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுநாளும் அதையே எழுதினார், அதற்கு மறுநாளும். பிறகு கை தானாகவே அதை அடித்தது. ஜனவரிவரை தினமும் காலையில் லப்பக்குக்கு அந்தப் பொய் போய்ச் சேர்ந்தது. அவளும் தினமும் ஒரு இதயம் அனுப்பினாள்.

அந்த ஊர்க் குளிர்காலம் ஒரு நிலையில் நிற்காது. காலையில் ஸ்வெட்டர், மத்தியானம் ஏசி, வடக்கே இருந்து காற்றுத் திரும்பினால் ஒரே மணி நேரத்தில் அந்த ஊர் ஃபாரன்ஹீட் கணக்கில் முப்பது டிகிரி கீழே இறங்கி மறுபடி ஸ்வெட்டர். ஜனவரி மூன்றாம் வாரம், ஒரு புதன்கிழமை, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வடகாற்று இறங்கும் என்றும், பொழுது சாயும்போது தண்ணீர் உறைகிற முப்பத்திரண்டுக்கும் கீழே போய்விடும் என்றும் போன் சொன்னது. சேனாபதி முதல் நாளிலிருந்தே சரியாகச் சாப்பிடவில்லை. கண்ணை மூடினால் நீல விரல்கள் வந்தன.

காலை ஏழு மணிக்குத் தொழுவத்தில் ஐம்பத்தெட்டு டிகிரி. இவர் ஸ்வெட்டர் மேல் ஜாக்கெட், அதன் மேல் மஃப்ளர்.

"மீடியம் போட்டு, அதுக்கு மேல ஹெவியும் போட்டுடுங்க" என்றார்.

பெகி போர்வையைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். "ரெண்டா? இப்பவேயா? சேனா, வெயில் வரப்போகுது."

"பன்னெண்டு மணிக்குக் குளிர் வந்துடும். நான் டவுன்டவுன் ஆபீஸ்ல மாட்டிக்கிட்டா யார் வந்து போடறது?"

"நான் இன்னைக்கு விக்டோரியா போறேன், என் தங்கச்சி வீட்டுக்கு. சாயந்திரம்தான் வருவேன். காத்து லேட்டானா நீங்களே வந்து எடுக்கணும். முடியுமா?"

"முடியும்" என்றார் சேனாபதி. அந்த வாயை என்ன செய்வது?

பெகி இரண்டையும் போட்டு, வார்களை மாட்டினார். பிஸ்கட் ஒரு தடவை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, சேனாபதியை நிமிர்ந்து பார்த்தது. சேனாபதி போனைப் பார்த்தார்.

பதினொன்றரைக்கு ஆபீஸ் ஜன்னலில் பளீரென்று வெயில். பன்னிரண்டு ஆயிற்று, காற்று வரவில்லை. இரண்டு மணி என்று போன் தன் பேச்சை மாற்றிக்கொண்டது. ஒரு மணிக்கு வெளியே எழுபத்தொன்பது. ஆட்கள் அரைக்கைச் சட்டையோடு சாப்பிடப் போனார்கள். பதினோராம் மாடி மீட்டிங் அறையில் இவர் மனசு கணக்குப் போட்டது. குளிர்காலத்துக்கு வளர்ந்த அடர்ந்த ரோமம், அதன் மேல் பஞ்சு, அதன் மேல் மெத்தை, அதன் மேல் வெயில். எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடினால்? போய் யார் எடுப்பது? பெகி இல்லை. வேலியைத் திறந்து, அந்த எட்டடி உடம்புக்குப் பக்கத்தில் போய், பின்னங்கால்களுக்கு நடுவே மாட்டியிருக்கிற வாரைக் குனிந்து கழற்ற வேண்டும். இன்னும் அரை மணியில் காற்று வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டார். அரை மணி கழித்தும் அதையே நினைத்தார். சேனாபதியை நான் இத்தனை நேரம் கேலி செய்தது வேறு, இது வேறு. இந்த ஒன்றரை மணி நேரத்துக்கு அவருக்கு மன்னிப்பே கிடையாது, அவரும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கயலின் மெசேஜ் வந்தது. "அப்பா, அங்க செவன்ட்டி நைன் காட்டுது. பிஸ்கட் ஓகே?"

யோசிக்கும் முன்பே விரல் அடித்துவிட்டது. "கைய விட்டுப் பாத்தேன் சாமி. கதகதன்னு இருக்குது."

இதயம் வந்தது. இரண்டு மாதப் பொய்யும் ஒரு நிலைக்கண்ணாடி மாதிரி முன்னால் நின்றது, அதில் அவருக்குத் தன்னைப் பார்க்க முடிந்தது. மீட்டிங் நடுவில் எழுந்து, யாரிடமும் சொல்லாமல் லிஃப்ட்டுக்குப் போனார்.

ஃப்ரீவேயில் அன்றுதான் அவர் இடது லேனில் ஏறினார். ஏறினது அவருக்கே தெரியாது. சுகர் லேண்டைத் தாண்டும்போது வடக்கே வானம் கருநீலமாகச் சுவர் எழுப்பியிருந்தது. தொழுவ வாசலில் காரை நிறுத்திக் கதவைத் திறந்தபோது காற்று அந்தக் கதவைப் பிடுங்கி எறிகிற மாதிரி இழுத்தது. மணி மூன்றே முக்கால். போனில் ஐம்பத்தொன்று, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்பத்தொன்பது.

பிஸ்கட் வேலியின் கடைசி மூலையில் தலையைத் தொங்கப் போட்டு நின்றது. காலையில் போட்ட வைக்கோல் அப்படியே கிடந்தது. தன் வயிற்றை ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. முன்னங்காலால் மண்ணைக் கீறியது. மறுபடி வயிற்றைப் பார்த்தது. அதன் அர்த்தம் சேனாபதிக்குத் தெரியும். குதிரைக்கு வயிறு அடைத்துக்கொண்டால் செத்துப்போகும் என்பது அவருடைய பதினேழு ஆபத்துப் பட்டியலில் முதலாவது.

சுற்றிலும் ஒரு மனிதர் இல்லை. மேல் போர்வை காய்ந்து, தொட்டால் சில்லென்று இருக்கும் போலத் தெரிந்தது. குளிர் வந்துவிட்டது, போர்வை போட்டிருக்கிறது, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று திரும்பிப் போக அந்த நேரத்தில்கூட மனசு ஒரு வழி பார்த்தது. போயிருந்தால் போனில் இருந்த நம்பர் அவர் பக்கம்தான் சாட்சி சொல்லியிருக்கும்.

வேலிக் கதவைத் திறந்தார். "பிஸ்கட்டு... பிஸ்கட்டு... சாமி..." என்று மகளைக் கூப்பிடுகிற வார்த்தையிலேயே கூப்பிட்டுக்கொண்டு போனார். ஒரு கையை நீட்டி, கண்ணை இறுக மூடி, கழுத்துக்குப் பக்கத்தில் போர்வைக்குள் விட்டார்.

உள்ளே கொதிக்கிற ஈரம். கை மணிக்கட்டுவரை நனைந்தது. இட்லிப் பானையைத் திறந்த மாதிரி அந்த இடுக்கு வழியாக ஆவி வந்து அவர் முகத்தில் அடித்தது. அடியிலிருந்த ரோமம் முழுக்கத் தோலோடு ஒட்டிக் கிடந்தது. அதற்கடியில் பிஸ்கட்டின் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

கயலைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். மூன்றாவது தடவை எடுத்தாள்.

"அப்பா, ஐ'ம் இன் க்ளாஸ். என்ன ஆச்சு?"

"பிஸ்கட்டு முழுக்க நனைஞ்சு கெடக்குது சாமி. வேர்வை. ரெண்டு போர்வை போட்டிருந்தேன். இப்ப காத்து வந்துருச்சு. வயித்தப் பாக்குது, கால வெச்சுக் கீறுது."

நாற்காலி நகரும் சத்தம், கதவுச் சத்தம். "மத்தியானம் செக் பண்ணேன்னு சொன்னீங்களே?"

"பண்ணல. ஆபீஸ்ல இருந்தேன்."

"நேத்து?"

"நேத்தும் இல்ல." காற்றில் தன் குரல் அவருக்கே கேட்கவில்லை; கத்தினார். "ஒரு நாளும் பாக்கல சாமி. ஒரு நாளும் நான் அதத் தொட்டதில்ல. எனக்குப் பயம்."

முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிற குரலில் கயல் பேசினாள்.

"ஓகே. வெட் டாக்டருக்கு நான் இன்னொரு போன்ல கால் பண்றேன். நீங்க அவனை ஷெட்டுக்குள்ள கொண்டு போங்க, காத்து படாத எடத்துக்கு. வெளியில வெச்சு எடுக்காதீங்க. போனை ஸ்பீக்கர்ல போடுங்க. கட் பண்ணாதீங்க."

வேலியில் தொங்கிய கயிற்றை எடுத்து மாட்டினார். எப்படி மாட்டினார் என்று பிறகு கேட்டபோது அவருக்கு ஞாபகமில்லை. பிஸ்கட் பத்தடி வந்து நின்றது, மறுபடி வந்தது. ஷெட்டுக்குள் அந்த உடம்பு கதவை அடைத்துக்கொண்டு நின்றபோது, தனக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை என்பதைப் பார்த்தார்.

"முன்னாடி ரெண்டு பக்கிள். தென் வயித்துக்குக் கீழ. லாஸ்ட்ல பின்னங்கால். பக்கத்துல ஒட்டி நில்லுங்க அப்பா, தள்ளி நின்னாதான் உதை வேகமா படும்."

ஒட்டி நின்றார். அந்த ஈரத்தில் தன் ஜாக்கெட் நனையும்படி தோளை அதன் மேல் சாய்த்துக்கொண்டு குனிந்தார். விரல் வழுக்கியது, வார் வரவில்லை. பிஸ்கட் காலைத் தூக்கியது. சேனாபதி "அம்மா!" என்று அலறினார். கால் தூக்கிய இடத்திலேயே தரையில் இறங்கியது. உதைக்கவில்லை. வயிற்று வலிக்குக் காலை மாற்றி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டாவது தடவை வார் கழன்றது.

"டவல் இருக்கா?" என்று கேட்டது போன்.

டிக்கிப் பெட்டி! ஓடினார். பன்னிரண்டு ஈரோட்டுத் துண்டுகளையும் அள்ளிக்கொண்டு வந்தார். கழுத்திலிருந்து ஆரம்பித்து ரோமத்துக்கு எதிராகத் தேய்த்தார். ஒவ்வொரு துண்டாக நனைந்து கனத்தது. முதுகு, விலா, வயிறு, தொடை. நாலாவது துண்டில் ஜாக்கெட்டைக் கழற்றிப் போட்டார், ஆறாவதில் ஸ்வெட்டரை. வெளியே நாற்பதுக்கு இறங்கியிருந்த குளிரில் அவருக்கு வேர்த்து ஊற்றியது. தேய்க்கத் தேய்க்க அழுதார். "செத்துப் போயிராத சாமி. செத்துப் போயிராத. அவ மொகத்துல நான் முழிக்க முடியாது" என்று சொல்லிக்கொண்டே தேய்த்தார். போனில் கயலுக்கு அதெல்லாம் கேட்டது.

நாலரை மணிக்குக் குதிரை டாக்டர் வந்தார். சேறு படிந்த பூட்ஸ், அதிகம் பேசாத இளம் பெண். ஈறை அழுத்திப் பார்த்தார். வயிற்றின் இரண்டு பக்கமும் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். ஒரு ஊசி போட்டார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு வாளித் தண்ணீரையும் உப்பையும் இறக்கினார். உடம்பில் இருந்த தண்ணீர் முழுக்க வேர்வையாகப் போய்க் குடல் அடைத்திருக்கிறது, இடது பக்கம் சத்தமே இல்லை என்றார்.

"பொழைக்குமா?" என்று கேட்டார் சேனாபதி.

"வயசு அதிகம். சாணி போட்டா நல்லது. எட்டு மணி வரைக்கும் போடலன்னா எனக்குப் போன் பண்ணுங்க, அப்ப வேற மாதிரி பேச வேண்டியிருக்கும்."

பிறகு நடந்ததை யாராவது வெளியிலிருந்து பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். இன்ஜினியர் ஒருவர், சட்டையெல்லாம் குதிரை ரோமம், ஒரு கிழட்டுக் குதிரையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, ஷெட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறார். பத்தடிக்கு ஒரு தடவை திரும்பி அதன் வாலைப் பார்க்கிறார். ஐந்து மணி. ஐந்தரை. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. பிஸ்கட் படுக்கப் பார்த்தது. படுக்க விடாமல் கழுத்தோடு தன் தோளை முட்டுக் கொடுத்தார். ஆறு மணி. விக்டோரியாவிலிருந்து திரும்பிய பெகி ஷெட் வாசலில் வந்து நின்றார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் இவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஏழு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பிஸ்கட் நின்றது. வாலைத் தூக்கியது. சொத் சொத்தென்று நாலு உருண்டை விழுந்தது. இன்னும் இரண்டு.

சேனாபதி அவசர அவசரமாகப் போட்டோ எடுத்து அனுப்பினார். மகளுக்கு என்று நினைத்து, தாராபுரத்துச் சொந்தங்கள் முப்பத்தாறு பேர் இருக்கிற குடும்ப வாட்ஸப் குரூப்புக்கு அனுப்பிவிட்டார். அங்கே அப்போதுதான் விடிந்து, பூப்படத்தோடு காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பூக்களுக்கு நடுவே குதிரைச் சாணி போய் விழுந்தது. என்ன ஏது என்று கேட்காமல் நஞ்சுண்டன் சித்தப்பா மட்டும் ஒரு கும்பிடு போட்டார். சுகர் லேண்டில் மருந்துக் கடை வேலையிலிருந்த வசந்தாமணி அதைப் பார்த்து, "ஏனுங்க, என்னாச்சுங்க உங்களுக்கு?" என்று பதறிக்கொண்டு போன் பண்ணினார். கயலும் அந்தக் குரூப்பில்தான் இருந்தாள். அவள் உடனே கூப்பிட்டாள். அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவே கொஞ்ச நேரம் மூக்குறிஞ்சும் சத்தம் மட்டும் போய்வந்தது.

"காஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.

சேனாபதி தோளுக்குப் பின்னால் கையை வைத்தார். கண்ணை மூடவில்லை. "காஞ்சிருச்சு. வயித்துக்கடியில மட்டும் கொஞ்சம் ஈரம். காத்துல முப்பத்தொண்ணு காட்டுது சாமி."

"எந்தப் போர்வை போடலாம்? நீங்க சொல்லுங்க அப்பா. நான் அங்க இல்ல."

மூன்று போர்வைகளையும் பார்த்தார். இரண்டு நனைந்து கிடந்தன. பெகி தன் குதிரையின் மீடியம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல வாயைத் திறக்காமல் நின்றார்.

"வயித்த இன்னும் கொஞ்சம் தொடச்சுட்டு, பெகியோட மீடியம். ஒண்ணே ஒண்ணு. அரை மணி கழிச்சு மறுபடியும் கைய விட்டுப் பாக்கறேன்."

"ஷ்யூரா?"

"இல்ல. பயமாத்தான் இருக்குது."

"எனக்கும்தான்" என்றாள். அப்புறம், "அப்பா, இனிமே நீங்க சொல்றதை நான் அப்படியே நம்ப முடியாது. யு நோ தட், ரைட்? டெய்லி போட்டோ அனுப்புங்க. உங்க கை போர்வைக்குள்ள இருக்கற மாதிரி."

"சரி சாமி" என்றார்.

அனுப்பினார். மறுநாளிலிருந்து தினமும் காலை ஏழேகாலுக்கு ஒரு போட்டோ: பழுப்பு ரோமம், போர்வையின் நீல ஓரம், அதற்குள் மணிக்கட்டுவரை போன ஒரு கை. மழையில் நனைந்த கை, வாட்ச் கட்டிய கை, ஒரு நாள் பிஸ்கட் செல்லமாகக் கவ்வியதில் பிளாஸ்திரி ஒட்டிய கை. முதல் வாரத்துப் போட்டோக்கள் பயத்தில் கலங்கித்தான் இருந்தன. கயலிடமிருந்து "ஓகே" மட்டும் வந்தது. பழைய இதயம் வரவில்லை. சேனாபதி துண்டுகளைத் துவைத்து மடித்து டிக்கிப் பெட்டியில் வைத்தார். வசந்தாமணி அதன்மேல் ஒரு அரை டஜன் சேர்த்து வைத்தார்.

மார்ச் முதல் வாரத்தில் குளிர் ஒரு கடைசி தடவை திரும்பிப் பார்த்தது. காலையில் நாற்பத்து மூன்று, மத்தியானம் எண்பது என்று போன் சொன்னது. சேனாபதிக்குப் பயம் இன்னும் போகவில்லை. மழைக்கான மெல்லிசுப் போர்வையை மட்டும் போட்டு, வேலிக்கு உள்ளே நின்று, கையை விட்டுப் பார்த்தார். மறு கையால் போனை எடுத்தபோது, அவர் போட்டோ எடுக்கும் முன்பே அதில் ஒரு மெசேஜ் இருந்தது.

"போட்டோ வேணாம் அப்பா. சொன்னா போதும்."

அவர் அதை மூன்று தடவை படித்தார். பிறகு போனை வேலிக் கட்டைமேல் வைத்துவிட்டு, மறுபடியும் போர்வைக்குள் கையை விட்டு, தோளுக்குப் பின்னால், விலாவில், நெஞ்சருகே என்று மூன்று இடத்தில் நிதானமாக வைத்துப் பார்த்தார். பிஸ்கட் அவர் தோளில் மூச்சு விட்டது. அப்புறம்தான் போனை எடுத்து எழுதினார்.

"கைய விட்டுப் பாத்தேன் சாமி. கதகதன்னு இருக்குது."